அஞ்சல்

'அன்புள்ள சக ஊழியர்களே' என்று
நாற்பத்தேழாவது முறையாகத் தட்டச்சு செய்கிறேன்.
கிளமெண்டியில், பன்னிரண்டாம் மாடியில்,
துணி தேய்க்கும் பலகைதான் இப்போது என் அலுவலகம்.
திரையின் மூலையில் திருமதி குவாவின் உறைந்த முகம்.
இணைப்பு போய்விட்டது;
புருவம் மட்டும் இன்னும் என்னைத் திருத்துகிறது.

'கிடைக்கும்' என்று எழுதினால்
'பரிசீலிக்கப்படும்' என்று மாற்றுவார்.
யார் பரிசீலிப்பார்?
அந்த வினைக்கு எழுவாய் கிடையாது.
ஊழியர் நலப் பிரிவில் பதினோரு ஆண்டுகள்,
நானும் எழுவாய் இல்லாமல் பேசப் பழகிவிட்டேன்.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை
எல்லோரும் உடல் வெப்பத்தைப் பதிய வேண்டும்.
முப்பத்தாறு புள்ளி நான்கு. முப்பத்தாறு புள்ளி ஐந்து.
ஆறாயிரம் பேரின் சூடு
என் எக்செல் கட்டங்களில் வந்து ஆறும்.
கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம்; யாரும் நிரப்புவதில்லை,
மீன் ஆய்வகத்து ரோஸ்லானைத் தவிர:
"காய்ச்சல் இல்லை.
மகள் இன்று தவழ்ந்தாளாம், ஜொகூரில்."

பாலம் மூடிய இரவில்
அறை தேவைப்படுவோரின் பட்டியலைத் தயாரித்தோம்.
மாணவர்கள் காலி செய்த விடுதி, புதிய போர்வை,
ஆளுக்கொரு மின்கேத்தல்.
'அனைத்து ஊழியர்கள்' என்றுதான் அந்த மின்னஞ்சல் முகவரிக்கே பெயர்.
அதை நம்பாமல் வேறெதை நம்புவது?

மே மாதம், ஒரு கோப்பை எடுக்க
அனுமதி வாங்கி வளாகத்துக்குப் போனேன்.
மழை மரங்களின் கீழ் ஒரு சைக்கிள்கூட இல்லை.
ஆறாம் புளோக்கின் மின்தூக்கியில்
பொத்தான்களைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"ஆபீஸ்லேருந்து எங்களுக்கு லெட்டர் ஏதும் வந்திச்சாம்மா?"

பெயர் அஞ்சலை. ஊர் மாசாய்.
குத்தகை நிறுவனத்தின் ஆள்;
எங்கள் 'அனைத்து' என்பதில் அடங்காதவர்.
யீஷூனில் ஓர் அறையில் ஐந்து பேரோடு இருக்கிறார்.
மின்னஞ்சல் இல்லாத அஞ்சலை.
சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு தமிழில் எழுத உட்கார்ந்தேன்.
'ஓ' நிலைத் தேர்வுக்குப் பிறகு
நான் தமிழில் எழுதியதெல்லாம்
மொய் உறைகளின்மேல் பெயர் மட்டும்.
சொல் சிக்காமல் அகராதியைப் புரட்டினேன்.
அஞ்சல் என்றால் தபால்.
அஞ்சல் என்றால் பயப்படுவது.
அஞ்சல் என்றால், பழைய வழக்கில், பயப்படாதே.
மூன்றும் ஒரே எழுத்து.
இத்தனை நாளும் இதில் எதை அனுப்பினோம்?

ஒரே பக்கம், எழுத்தளவு இருபத்திரண்டு.
முகக்கவசம் எங்கே வாங்கலாம்,
காய்ச்சல் வந்தால் எந்த மருந்தகம்,
சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது.
அந்த இடத்தில் என் பெயர். என் கைபேசி எண்.
திருமதி குவாவுக்கு அனுப்பவில்லை.
துடைப்பங்கள் வைக்கும் அறையின் கதவில் ஒட்டினேன்.

அடுத்த வாரம், காகிதத்தின் ஓரமெல்லாம் நீலப் பேனா.
"சம்பளத்துல பிடிப்பாங்களா?"
"பாலம் எப்ப தெறப்பாங்க?"
சீனத்தில் ஒரு வரி;
காவலர் கோ படித்துச் சொன்னார், கையுறை ரொம்பப் பெரிசாம்.

முதல் கேள்விக்கு ஒன்பது தொலைபேசி அழைப்புகள் ஆயின.
"பிடிக்கமாட்டார்கள். நான் கேட்டேன்" என்று
கதவிலேயே எழுதினேன், எழுவாயோடு.
இரண்டாவதற்கு: "தெரியவில்லை."
நாற்பத்தேழு சுற்றறிக்கையில்
ஒருமுறையும் நான் எழுதாத சொல்.
கையுறை வந்தது. இப்போது சற்றுச் சிறிசாம்.

நாற்பத்தேழாவதை
நாற்பத்தொரு சதவீதத்தினர் திறந்தார்களென்று கணினி சொல்கிறது.
கதவில்,
தரைதுடைக்கும் திரவத்தின் எலுமிச்சை வாடையோடு
ஒரு பெருவிரல் ரேகை.
அதனடியில், கோணல்மாணலாய்:
"படிச்சாச்சு.
அடுத்தது எப்ப ஒட்டுவீங்க?"